முற்றத்துக்கு வர மறுக்கும் அம்மா: பண்டிகை நாளும் வீட்டு மூத்தவர்களும்

கேள்வி: தைப்பொங்கலுக்கு ரொறன்ரோவிலிருந்து பிள்ளைகளோடு யாழ்ப்பாணம் வருகிறோம். அம்மாவுக்கு 84 வயது. மானிப்பாய்ப் பக்கம் அக்காவின் பராமரிப்பில் இருக்கிறார். காது மந்தம், அண்மைக்காலமாக நினைவும் தடுமாறுகிறது. கணவரை இழந்த பெரியம்மாவும் அதே வீட்டில்தான். போன முறை நாங்கள் முற்றத்தில் பொங்க, இருவரும் உள்ளேயே இருந்துவிட்டார்கள். கூப்பிட்டால், "நீங்கள் பொங்குங்கள், எங்களுக்கு என்ன" என்கிறார்கள். வற்புறுத்தலாமா, விட்டுவிடுவதா?

பதில்:

வற்புறுத்தாதீர்கள். ஆனால் அந்த ஒரு மறுப்போடு விட்டும்விடாதீர்கள். யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் தாதியாக வேலை செய்து ஓய்வுபெற்று, இப்போது எங்கள் பக்கத்து முதியோர் சங்கத்தோடு வீடு வீடாகப் போய்வருகிறேன். "எங்களுக்கு என்ன" என்று உள்ளே இருந்துவிடுகிறவர்களில், பண்டிகையே வேண்டாம் என்று மனதார நினைப்பவர்கள் மிகக் குறைவு. மறுப்புக்குப் பின்னால் ஏதோ ஒரு காரணம் இருக்கும். முற்றத்தில் பத்துப் பேர் கதைத்தால் ஒரு சொல்லும் விளங்காது. நடுவில் மலசலகூடம் போக வேண்டிவந்தால் யாரைக் கூப்பிடுவது என்ற கூச்சம். சாணம் போட்டு மெழுகிய ஈரநிலத்தில் சறுக்கி விழுந்துவிடுவோமோ என்ற பயம். அல்லது, மங்கல காரியத்துக்குத் தான் முன்னால் வரக்கூடாது என்று ஊர் பழக்கிவைத்த ஒதுக்கம். காரணத்துக்குக் காரணம் மருந்து வேறு. உங்கள் அம்மாவின் காரணமும் பெரியம்மாவின் காரணமும் ஒன்றாக இருக்கும் என்றுகூட நினைக்க வேண்டாம்.

பொங்கலன்று காலையில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க வாசலில் நின்று கூப்பிட்டால் காரணம் வெளியே வராது. இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பு, காலை நேரத்தில், வேறு யாரும் இல்லாதபோது பக்கத்தில் போய் இருங்கள். "பொங்கலுக்கு வெளியே வருவீர்களா?" என்று கேட்டால் இல்லை என்ற பதில் தயாராக இருக்கும். "அம்மா, அந்தக் காலத்தில் அடுப்பை முற்றத்தில் எந்த இடத்தில் போட்டீர்கள்? பயறு எவ்வளவு போடுவது?" என்று கேட்டுப் பாருங்கள். அவருக்குத் தெரிந்த, உங்களுக்குத் தெரியாத ஒன்றைக் கேட்க வேண்டும். அந்தக் கதை ஓடும்போதுதான் "அந்தப் படியில் இறங்கப் பயமாக இருக்கிறது பிள்ளை" என்பதும் வரும்.

முதியவர்களைச் சேர்த்துக்கொள்வதாக எண்ணி நாங்கள் வழக்கமாகச் செய்வது என்ன? நல்ல சேலை உடுத்திக் கதிரையில் இருத்துகிறோம், சுற்றி நின்று படம் எடுக்கிறோம், ஒரு தட்டில் பொங்கலும் வாழைப்பழமும் கொடுத்துவிட்டு எங்கள் கதைக்குத் திரும்பிவிடுகிறோம். அது விருந்தாளிக்குச் செய்வது. உங்கள் அம்மா அந்த வீட்டின் விருந்தாளி அல்ல. எத்தனையோ தைப்பொங்கலுக்கு அந்த முற்றத்தை மெழுகி, கோலம் போட்டு, பானையில் பால் பொங்கி வழியும்வரை அடுப்பைவிட்டு நகராமல் நின்றவர். அந்த இடத்தில் சும்மா இருந்து பார் என்று சொன்னால், உள்ளே போய்ப் படுப்பது அவருக்கு மேலாகத் தெரிகிறது. ஆகவே நான் எந்தக் குடும்பத்துக்கும் முதலில் சொல்வது: கதிரை கொடுப்பதற்கு முன்பு வேலை கொடுங்கள். வேலையோடு ஒரு அதிகாரத்தையும் கொடுங்கள். ஏதாவது ஒரு விடயத்தில் அவர் சொன்னால்தான் நடக்கும் என்று இருக்கட்டும்.

பொங்கலில் இதற்கு இடம் தாராளமாக இருக்கிறது. பால் பொங்கி வழிந்த பிறகு, வீட்டுக்குப் பெரியவர் இரு கையாலும் அரிசியை அள்ளிப் பானையை மூன்று முறை சுற்றி உள்ளே இடுவது எங்கள் வழக்கம். பல வீடுகளில் அது இப்போது வெளிநாட்டிலிருந்து வந்த மருமகனுக்கோ, கமராவுக்கு முன்னால் பிள்ளைகளுக்கோ போய்விட்டது. அதை அம்மாவிடம் திருப்பிக் கொடுங்கள். அவரால் நெடுநேரம் நிற்க முடியாது. பால் பொங்கும் சமயம் பார்த்து அழைத்துவந்து, ஒருவர் முழங்கையில் பிடித்துக்கொள்ள, அந்த ஒரு காரியத்தைச் செய்துவிட்டுப் போய் இருக்கலாம். சேலைத் தலைப்பை இடுப்பில் இறுகச் செருகிவிடுங்கள். அன்றைக்கு நைலோன் சேலை வேண்டாம், பருத்திச் சேலையே போதும். திறந்த அடுப்புக்குப் பக்கத்தில் இது விளையாட்டல்ல. அடுப்புக்கிட்டே போவது பாதுகாப்பில்லை என்று பட்டால், தட்டில் இருக்கும் அரிசியை அவர் கையால் அள்ளிக் கும்பிட்டு உங்கள் கையில் தரட்டும். நீங்கள் பானையில் இடுங்கள்.

நிற்கவே முடியாதவர்களுக்கும் வேலை உண்டு. முதல் நாள் பின்னேரம் விறாந்தையில் இருந்தபடியே மாவிலைத் தோரணம் கட்டலாம், கஜு உடைக்கலாம், முந்திரிகை வற்றலின் காம்பு நீக்கலாம், ஏலக்காய் உரிக்கலாம், வெற்றிலை துடைத்து அடுக்கலாம். நினைவு மிகவும் மங்கிப்போன ஒரு அம்மம்மாவின் வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். மகளின் பெயர்கூட அவருக்கு வராது. வறுத்து உடைத்த பயற்றைச் சுளகில் போட்டு மடியில் வைத்ததும் மணிக்கட்டு தானாகவே எழுந்தது. இரண்டு தட்டு, ஒரு சிறு சுழற்று. கோது முன்னால் பறந்து விழ, பருப்பு பின்பக்கம் ஒதுங்கியது. நடுவில் ஒரு கல் கிடந்ததைச் சுண்டுவிரலால் தள்ளி, பார்க்காமலே இடப்பக்கம் போட்டார். எதிரே இருந்த பேரன் அந்தக் கல்லை எடுத்துப் பார்த்தான். பிறகு அவனும் சுளகைக் கேட்டான். அவன் தட்டியபோது பாதிப் பயறு நிலத்தில். அவர் அவனுடைய கையைப் பிடித்துத் திருத்தினார்.

பெயர்களையும் நேற்று நடந்ததையும் வைத்திருக்கும் நினைவு வேறு, கை பழகிய தொழிலை வைத்திருக்கும் நினைவு வேறு. மறதி நோயில் பெயர்களின் நினைவு முதலில் போகிறது, கையின் நினைவு நெடுநாள் நிற்கிறது. தேவாரமும் அப்படித்தான். நேற்றுச் சாப்பிட்டதைச் சொல்லத் தெரியாதவர், படையலுக்கு முன்னால் ஒருவர் முதலடியை எடுத்துக்கொடுத்தால் பதிகத்தை முடித்துவிடுவார். உங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் தட்டுத்தடுமாறி வரும் என்று நினைக்கிறேன். "அம்மம்மாவோடு போய்க் கதையுங்கள்" என்று அனுப்பினால் இரண்டு பக்கமும் திண்டாடும். "அம்மம்மாவிடம் கோலம் போடப் பழகிக்கொண்டு வாருங்கள்" என்று அனுப்புங்கள். கைவேலைக்கு நடுவில் பேச்சு குறைவாக இருந்தாலும் குறையாகத் தெரியாது.

பெரியம்மாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் விலகி நிற்பதற்குக் காதோ காலோ காரணமாக இராது என்றே நினைக்கிறேன். கணவரை இழந்த பெண் ஆராத்தி எடுப்பதில்லை, பொங்கல் பானையில் முதல் அரிசி இடுவதில்லை, புதுவருடத்தில் முதல் கைவிசேஷக் காசு கொடுப்பதில்லை, கலியாண வீட்டில் முன்வரிசையில் நிற்பதில்லை. இதை யாரும் வாய்திறந்து சொல்வதுகூட இல்லை. சொல்லாமலே நடக்கிறது. ஊரே கூடி நிற்கும் நாட்களில் குசினிக்குள் தேங்காய் திருவிக்கொண்டிருக்கும் பெண்கள் யார் என்று பாருங்கள், புரியும். போர் இந்த மண்ணில் எத்தனை இளம் பெண்களை அந்தக் குசினி வரிசையில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறது! அவர்களில் பலர் இன்று பேரப்பிள்ளைகள் கண்டவர்கள். இளமையில் தொடங்கிய ஒதுக்கத்தை முதுமையிலும் சுமக்கிறார்கள். இது அநியாயம். சைவம் என்றும் மரபு என்றும் இதற்குப் பெயர் வைப்பதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. பிள்ளைகளை வளர்த்து, 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு நடந்து, திரும்பி வந்து வீட்டை நிமிர்த்திய ஒருத்தியின் கையில் மங்கலம் இல்லையென்றால் வேறு யாருடைய கையில் இருக்கிறது?

ஆனாலும் கவனமாகச் செய்யுங்கள். அன்றைய தினம் அயலவர்கள் நிற்கும்போது, "பெரியம்மா, நீங்களே அரிசி போடுங்கள்" என்று கையைப் பிடித்து இழுத்தால் அவர் கூனிக்குறுகிப்போவார். பிறகு வருடம் முழுவதும், யார் என்ன நினைத்தார்களோ என்று நொந்துகொண்டிருப்பார். முதலில் அக்காவோடும் அம்மாவோடும் கதைத்து ஒரு முடிவுக்கு வாருங்கள். பிறகு தனியாகப் பெரியம்மாவிடம் போய், "இந்த வீட்டில் மூத்தவர் நீங்கள். அம்மாவும் நீங்களும் சேர்ந்து அரிசி போட வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள்" என்று கேளுங்கள். அம்மாவும் அவரும் ஒரே தட்டில் கைவைப்பது பலருக்கு எளிதாக இருக்கிறது. தனியாக முன்னால் நிற்கும் சங்கடம் அதில் இல்லை. அப்போதும் வேண்டாம் என்றால் அந்த வருடம் விடுங்கள். நிறைகுடம் வைப்பது, விளக்கேற்றுவது, எல்லோருக்கும் திருநீறு பூசிவிடுவது என்று இன்னொன்றைக் கேளுங்கள். ஒன்றுக்குச் சம்மதிப்பார். அடுத்த வருடம் அதற்கு மேலே கேட்கலாம்.

வீட்டில் அண்மையில் ஒரு சாவு நடந்து ஆண்டுத்திவசம் முடியாமல் இருந்தால் பொங்குவதில்லை என்பது தெரிந்ததே. அந்த வருடத்தில்தான் முதியவர்கள் முற்றாகத் தனித்துப்போகிறார்கள். பொங்கல் இல்லையென்றாலும் அன்று காலையில் யாராவது போய்ப் பக்கத்தில் இருந்து, இறந்தவரைப் பற்றிக் கதைக்க வேண்டும். அவருடைய பெயரை எடுக்காமல் சுற்றிவளைத்துப் பேசுவதுதான் கூடுதலாக வலிக்கும்.

இனிக் காது. முதுமையில் வரும் செவிக்குறைவில் முதலில் போவது மெல்லிய, உச்சத் தொனி ஒலிகள். உயிரொலி கேட்கும், மெய்யொலி தெளியாது. அதனால்தான் "கேட்கிறது, ஆனால் என்ன சொல்கிறார்கள் என்று விளங்கவில்லை" என்கிறார்கள். கத்திப் பேசினால் ஒலி சிதையும், விளக்கம் கூடாது. பார்ப்பதற்கும் கோபத்தில் பேசுவதுபோல் இருக்கும். முகத்துக்கு நேரே, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி இருந்து, தொனியைச் சற்றுத் தாழ்த்தி, சிறிய வசனங்களாகச் சொல்லுங்கள். பிள்ளைகளின் கீச்சுக்குரல்தான் இவர்களுக்கு மிகவும் கடினம். ஆகவே பிள்ளைகளுக்கு இதை முதலே பழக்க வேண்டும். சொன்னது விளங்காவிட்டால் அதே சொற்களைத் திரும்பச் சொல்வதைவிட வேறு சொற்களில் சொல்வது நல்லது. "ஒன்றுமில்லை, விடுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எல்லோரும் சிரித்த ஒரு பகிடியை அவருக்கு மட்டும் சொல்லாமல் விடுவது, கூட்டத்துக்கு நடுவில் இருத்தியே தனியாக்குவது.

இருக்கை முற்றத்தின் நடுவில் வேண்டாம். சுவர் முதுகுப்புறம் இருக்கட்டும். பின்னாலிருந்து வரும் இரைச்சல் குறையும், எல்லோருடைய முகமும் தெரியும். பாட்டுப் பெட்டியைக் குறையுங்கள், முடிந்தால் நிறுத்துங்கள். செவிக்கருவி இருந்தால் மின்கலத்தை முதல் நாளே மாற்றிப் பாருங்கள். அது இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும் என்பதால், கூட்டத்தில் அவர் அதைக் கழற்றி வைத்தால் கோபிக்காதீர்கள்.

சீனவெடியைப் பற்றி ஒரு வார்த்தை. பால் பொங்கும்போது வெடி கொளுத்துவது எங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் இங்கே 60 வயதைக் கடந்த எவரும் ஷெல்லும் விமானக் குண்டும் கேட்ட காதுகளோடுதான் இருக்கிறார்கள். நினைவு மங்கியவருக்கு இப்போது எந்த வருடம் என்பது தெரியாது. திடீரென்று வெடித்தால், பங்கருக்குள் போகச் சொல்லிப் பிள்ளைகளைக் கூப்பிடுவார். அப்படி நடுநடுங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது மாலைவரை இறங்காது. வெடி கொளுத்துவதானால் நேரத்தை முடிவுசெய்து, ஒருவர் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு "பிள்ளைகள் வெடி கொளுத்தப் போகிறார்கள்" என்று சொல்லி, அவர் பார்த்துக்கொண்டிருக்கக் கொளுத்துங்கள். நினைவு மிகவும் தளர்ந்திருந்தால் மத்தாப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நினைவு தடுமாறுகிறவரிடம் ஒருபோதும் கேட்கக்கூடாத கேள்வி ஒன்று இருக்கிறது: "என்னை யார் என்று தெரிகிறதா?" வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொருவரும் வாசலில் நின்று அன்போடுதான் கேட்கிறார்கள். ஒரு காலையில் பத்துப் பேர் கேட்டால் அது பத்துப் பரீட்சை. பதில் வராமல் அவர் எல்லோருடைய முகத்தையும் பார்த்து முழிப்பதைத் தாங்க முடியாது. "அம்மா, நான் உங்கள் சின்ன மகள், கனடாவிலிருந்து வந்திருக்கிறேன். இவன் என்னுடைய மகன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அரை மணி கழித்து மறுபடி சொல்ல வேண்டியிருந்தால் மறுபடி சொல்லுங்கள். உங்களை அவருடைய தங்கச்சி என்று நினைத்துக் கதைத்தால், கதையைத் திருத்தாமல் கேளுங்கள். தன்னுடைய அப்பா எங்கே என்று தேடினால், "உங்கள் அப்பா செத்துப்போய் இத்தனை வருடம்" என்று சொல்வது அவருக்குப் புதிய சாவீடு. "உங்கள் அப்பா பொங்கலுக்கு என்ன செய்வார் அம்மா?" என்று கேட்டு அவரையே பேசவிடுங்கள்.

மறதி நோயில் பின்னேரத்துக்குப் பிறகு குழப்பமும் பதற்றமும் கூடுவது வழக்கம். தைப்பொங்கல் காலைப் பண்டிகையாக இருப்பது இந்த வகையில் எங்களுக்கு வாய்த்த நன்மை. சூரியன் ஆறரை மணியளவில் எழும்போது அவருடைய மனமும் தெளிவாக இருக்கும். ஆகவே முக்கியமானதையெல்லாம் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இரவில் ஹோட்டல் மண்டபத்தில் உறவினர் எல்லோருக்கும் விருந்து என்று திட்டம் இருந்தால், அதற்கு அவரைக் கூட்டிக்கொண்டு போவதைப் பற்றி இரண்டு தரம் யோசியுங்கள். அவரைப் பார்க்க வருகிறவர்களை அன்று காலையிலோ மறுநாள் பட்டிப்பொங்கலன்றோ மூவர் நால்வராக வீட்டுக்கு வரச் சொல்வது மேல். களைப்பின் அறிகுறி தெரிந்தால், அதாவது சேலை விளிம்பைத் திருகத் தொடங்கினால், எழுந்து எழுந்து இருந்தால், "வீட்டுக்குப் போவோம்" என்று சொந்த வீட்டிலேயே சொன்னால், உள்ளே கூட்டிக்கொண்டு போய் ஒருவர் மட்டும் பக்கத்தில் இருங்கள்.

சாப்பாட்டில் பலருக்கும் ஒரு தப்பான நம்பிக்கை இருக்கிறது. சீனி கூடாது, சர்க்கரை (வெல்லம்) பரவாயில்லை என்பார்கள். நீரிழிவுக்காரருக்கு இரண்டும் குருதியில் ஒன்றுதான். பனங்கட்டியிலும் அளவு வேண்டும். அதற்காக, எல்லோரும் பொங்கல் சாப்பிட அவருக்கு மட்டும் குரக்கன் பிட்டு என்று ஒதுக்குவது கொடுமை. இரண்டு மூன்று கரண்டிப் பொங்கலைக் கொடுத்து, அந்த வேளைச் சோற்றையும் வாழைப்பழத்தையும் குறையுங்கள். இதைவிட ஆபத்தானது இன்னொன்று. நல்லநேரம் பார்த்துப் பொங்கி, படைத்து, தேவாரம் பாடி முடியும்போது ஒன்பது மணியாகிவிடும். நீரிழிவுக் குளிசையை வழக்கமான நேரத்தில் போட்டுவிட்டு அதுவரை வெறும் வயிற்றோடு இருந்தால் சீனி இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றமான பேச்சு வந்தால் அதுதான். குளிசை நேரத்தைப் பற்றி அவருடைய வைத்தியரிடம் முன்னதாகக் கேட்டுவைத்து, சூரியனுக்குப் படைத்த கையோடு முதல் தட்டை அவருக்குக் கொடுங்கள்.

தண்ணீரையும் கவனியுங்கள். வயது போகப் போகத் தாகம் தெரியாது. அதோடு ஆட்கள் நிறைந்த வீட்டில் மலசலகூடம் போகக் கூச்சப்பட்டுத் தண்ணீரையே தவிர்ப்பார்கள். பேரப்பிள்ளையிடம் ஒரு செம்பைக் கொடுத்து, அடிக்கடி அம்மம்மாவுக்கு நீட்டும் பொறுப்பை ஒப்படையுங்கள். பல் இல்லாதவர்களுக்கும் விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்கும் முறுக்கு, கடலை, காய்ந்த பயற்றம்பணியாரம் ஆகியன புரையேறும். பெரிய சாப்பாட்டுக்குப் பின் முதியவர்களுக்கு இரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதும் உண்டு. கை கழுவ எழுந்து கிணற்றடியில் விழுகிறவர்களில் பலர் அப்படி விழுகிறவர்களே. சாப்பிட்ட இடத்திலேயே கை கழுவத் தண்ணீர் கொடுத்துச் சற்றுநேரம் இருக்க விடுங்கள்.

இடவசதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கைபிடி உள்ள மரக்கதிரை வேண்டும். பிளாஸ்டிக் கதிரை மணலில் புதையும், சீமெந்தில் வழுக்கும். சாய்மனைக் கதிரையில் இருத்தினால் தானாக எழுந்திருக்க முடியாது. விடியற்புறம் வீட்டிலிருந்து முற்றத்துக்கும் மலசலகூடத்துக்கும் போகும் பாதையில் விளக்குப் போடுங்கள். 20 வயதுக் கண்ணுக்குள் போகும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் 60 வயதுக் கண்ணுக்குள் போகிறது. கோடியில் இருக்கும் குந்து மலசலகூடம்தான் ஒரே வழி என்றால், நடுவில் ஓட்டையுள்ள கொமட் கதிரை ஒன்றை வாங்கி அறையிலேயே வையுங்கள். தைப்பனிக்கு ஒரு கம்பளிச் சால்வையும் வேண்டும்.

தையில் முடியாமல் ஆடி, ஆவணியில் வருகிறவர்களும் இதையே கேட்பதுண்டு. அவர்கள் நல்லூருக்குக் கூட்டிப்போக ஆசைப்படுவார்கள். திருவிழா 25 நாள். எல்லோரும் 24ஆம் நாள் தேருக்கே போக நினைக்கிறார்கள். கோயிலைச் சுற்றி வீதிகளை மறித்துவிடுவதால் ஓட்டோவை விட்டு இறங்கி மணலில் நெடுந்தூரம் நடக்க வேண்டும், சன நெரிசல் வேறு. தொடக்க நாட்களில் ஒரு காலைப் பூசைக்குக் கூட்டிக்கொண்டு போனால் ஆறுதலாக முருகனைக் கண்டுவிட்டு வரலாம். கிறிஸ்தவக் குடும்பங்களும் நத்தார் நள்ளிரவுத் திருப்பலியைப் பற்றி இப்படியே யோசிக்கலாம். பகல் திருப்பலி இருக்கிறது. படுக்கையில் இருப்பவர்களுக்கு நற்கருணையை வீட்டுக்கே கொண்டுவரும்படி பங்குத்தந்தையிடம் கேட்கலாம்.

வர முடியாத உறவுகள் தொலைபேசித் திரையில் வருவார்கள். ஜனவரியில் இங்கே காலை ஆறரை என்றால் ரொறன்ரோவில் முதல்நாள் இரவு எட்டு மணி, லண்டனில் நள்ளிரவு கடந்து ஒரு மணி. பானை பொங்குவதை ரொறன்ரோ நேரடியாகப் பார்க்கட்டும், லண்டன்காரர் மத்தியானத்தில் எடுக்கட்டும். ஒரே திரையில் பன்னிரண்டு முகம் வந்து எல்லோரும் ஒரேநேரத்தில் "ஹலோ அம்மம்மா" என்றால் அவருக்கு அது இரைச்சல்தான். ஒருவராக எடுத்து, ஐந்து நிமிடம், ஒரே விடயத்தைக் கதைப்பது நல்லது.

உறவினர் ஒருவர் கைதடியிலுள்ள அரச முதியோர் இல்லத்திலோ வேறு இல்லத்திலோ இருந்தால் அவரையும் மறக்காதீர்கள். முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், பெற்றோரின் தேவைகளைக் கவனிப்பது பிள்ளைகளின் கடமை என்கிறது. பெரியப்பாவையும் மாமியையும் பற்றி அது பேசவில்லை. அவர்களைக் குடும்பம்தான் நினைக்க வேண்டும். பண்டிகை நாட்களிலும் ஒக்டோபர் 1ஆம் திகதி முதியோர் தினத்திலும் இல்லங்களுக்குச் சாப்பாட்டுப் பொதி வந்து குவியும். அவர்கள் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது சொந்தக்காரருக்காக. பொறுப்பாளரோடு முன்னதாகக் கதைத்து, அன்று ஒரு நாள் வீட்டுக்குக் கூட்டிவர முடியுமா என்று கேளுங்கள். கூட்டிவருவதானால், பின்னேரம் திரும்பிப் போக வேண்டும் என்பதைக் காலையிலேயே சொல்லிவிடுங்கள்.

உங்கள் அக்காவையும் யோசியுங்கள். வருடம் முழுவதும் அம்மாவைக் குளிக்கவார்த்து, குளிசை கொடுத்து, இரவில் எழும்பிப் பார்ப்பவர் அவர். நீங்கள் வந்து நிற்கும் நாட்களில் அவர் சமையற்காரியாகிவிடக்கூடாது. பொங்கலுக்கு முதல்நாள் இரவு அம்மாவின் அறையில் நீங்கள் படுங்கள். அக்கா ஒரு முழு நித்திரை கொள்ளட்டும். காலையில் புதுச்சேலை உடுத்திக்கொண்டு அவரும் கோலம் போட வரட்டும்.

கடைசியாக, நீங்கள் திரும்பிப்போன பின் வரும் நாட்கள். வீடு நிறைந்திருந்து ஒரே நாளில் வெறிச்சோடினால் முதியவர்கள் சாப்பாட்டை விடுகிறார்கள், நித்திரை குழம்புகிறது. போகும் திகதியை மறைக்காதீர்கள். சுவர் நாட்காட்டியில் குறித்துக் காட்டுங்கள். முடிந்தால் எல்லோரும் ஒரே நாளில் புறப்படாமல் ஒருவர் சில நாள் பிந்திப் போகலாம். போவதற்கு முன்பு சித்திரைப் புதுவருடத்துக்கு இப்போதே ஒரு ஏற்பாடு செய்துவிடுங்கள். அன்று மருத்துநீர் வைத்துத் தோய்ந்த பிறகு, வெற்றிலையில் காசு வைத்துக் கைவிசேஷம் கொடுப்பவர் வீட்டுப் பெரியவர். மாதாமாதம் நீங்கள் அனுப்பும் காசு அக்காவின் கணக்குக்குப் போவதால், அம்மா கையிலும் பெரியம்மா கையிலும் அன்றைக்குக் கொடுப்பதற்கு ஒன்றும் இராது. வங்கியில் நூறு ரூபாய்ப் புதுத்தாள்களாக மாற்றி, இருவருக்கும் தனித்தனி உறையில் போட்டு, அவரவர் அலுமாரியில் அவரவர் கையாலேயே வைக்கச் சொல்லுங்கள். அயல்வீட்டுப் பிள்ளைகள் சித்திரையில் வருவார்கள். யார் யாருக்கு எவ்வளவு என்பதை இருவரும் முடிவுசெய்துகொள்ளட்டும்.